அந்தோனி மட்டுந்தானா கோமாளி?

சென்ற வருடம் எங்கள் கல்லூரித் தமிழ் மன்ற விழாவில் ஒரு நகைச்சுவை நாடகம் மேடையேறியது. பெயர் ‘சந்தையில் ஒரு நாள்’. எழுதியவள் நான். கண்மையால் மீசை வரைந்து, சாரத்தை மடித்துக் கட்டி, வங்காலையிலிருந்து மீன் கொண்டுவரும் அந்தோனியாக நடித்தவளும் நான்தான். அந்தோனி ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்துப் பேசுவார். கணக்குத் தெரியாமல் மீதிக் காசைக் கூட்டிக் கொடுப்பார். தராசை விட்டுவிட்டு மீனோடு வாதாடுவார். மண்டபமே குலுங்கிச் சிரித்தது. இரண்டு நாட்கள் வகுப்பில் என்னை எல்லோரும் ‘அந்தோனி’ என்றுதான் கூப்பிட்டார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் எங்கள் தமிழ் ரீச்சர் என்னை ஆசிரியர் அறைக்கு அழைத்தார். ரீச்சரின் சொந்த ஊர் வங்காலை. புனித ஆனாள் ஆலயத்துக்கு அருகில்தான் வீடு. அவருடைய தகப்பனார் கடற்றொழில் செய்தவர். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் நாடகம் எழுதும்போது ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை.

“பிள்ளை, நாடகம் நல்லாத்தான் இருந்தது. நானும் சிரிச்சனான். ஆனா ஒரு கேள்வி. அந்தச் சந்தையில அத்தனை பேர் வந்து போனீங்கள். அந்தோனி மட்டுந்தானோ கோமாளி?”

அவர் கோபமாகக் கேட்கவில்லை. கோபித்திருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்திருப்பேன். அவர் கேட்ட விதம்தான் என்னை இந்தக் கட்டுரை வரைக்கும் கொண்டுவந்திருக்கிறது.

அன்று ரீச்சர் எனக்கு ஒரு வானொலித் தொடரைப் பற்றிச் சொன்னார். தொலைக்காட்சி இல்லாத காலம் அது. ரூபவாஹினி தொடங்கியதே 1982இல்தான். அதற்கு முன் குடும்பத்தைக் கூட்டி உட்கார வைத்துச் சிரிக்க வைக்கும் வேலையை வானொலிதான் செய்தது. எழுபதுகளில் இலங்கை வானொலியின் வர்த்தக சேவையில் ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்றொரு நகைச்சுவைத் தொடர் ஒலிபரப்பானது. அந்த நேரம் வந்தால் ரீச்சரின் தகப்பனார் வலை பொத்துவதை நிறுத்திவிட்டு ரேடியோவுக்குப் பக்கத்தில் வந்து குந்திவிடுவாராம்.

வீட்டுக்கு வந்து உம்மம்மாவிடம் கேட்டேன். பெயரைச் சொன்னதும் அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. “அது போற நேரம் எங்கட ஊர்ப் பாதையில ஆள் நடமாட்டம் இருக்காது மகள்” என்றார். வங்காலையிலிருந்து தெற்கே சிலாவத்துறைப் பக்கம் இருந்தது எங்கள் வீடு. ஒரே கரையில், ஒரே நேரத்தில், ஒரு கத்தோலிக்க வீடும் ஒரு முஸ்லிம் வீடும் ஒரே பகிடிக்குச் சிரித்திருக்கின்றன. இதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அந்தத் தொடரில் நான்கு முக்கிய பாத்திரங்கள். மரிக்கார் முஸ்லிம்களின் தமிழில் பேசுவார். அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழில் பேசுவார். உபாலி சிங்களம் கலந்த தமிழில் தடுமாறித் தடுமாறிப் பேசுவார். ஐயர் அக்கிரகாரத் தமிழில் பேசுவார். இனி யார் யாராக நடித்தார்கள் என்று பாருங்கள். மரிக்காராக நடித்தவர் எஸ். ராமதாஸ். அப்புக்குட்டியாக ரி. ராஜகோபால். உபாலியாக எஸ். செல்வசேகரன். ஐயராக நடித்தவர் பி. எச். அப்துல் ஹமீத்.

இன்னொரு தடவை வாசியுங்கள். முஸ்லிம் பாத்திரத்துக்கு ஓர் இந்துத் தமிழர். ஐயர் பாத்திரத்துக்கு ஒரு முஸ்லிம். சிங்களப் பாத்திரத்துக்கு ஒரு தமிழர். “அவர் ராமதாஸெண்டு பிறகுதான் தெரியும். நாங்க உண்மையான மரிக்கார் ஒருத்தர்தான் பேசுறாரெண்டு நினைச்சிருந்தம்” என்று உம்மம்மா சொன்னபோது எனக்கு வியப்பாக இருந்தது. ஒரு சமூகத்தவரின் பேச்சை இன்னொரு சமூகத்தவர் பேசி, அந்தச் சமூகமே அவரைத் தன்னுடைய ஆள் என்று நம்பும் அளவுக்குப் பேசுவதென்றால், அவர் அந்தப் பேச்சை எவ்வளவு கூர்ந்து கேட்டிருக்க வேண்டும்! கேலி செய்வதற்கு இரண்டு மூன்று சொற்கள் போதும். இப்படி நடிப்பதற்கு முழு மனிதரையும் கேட்க வேண்டும்.

மக்கள் அந்தப் பெயர்களை நடிகர்களோடு சேர்த்தே ஒட்டிவிட்டார்கள். மரிக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார்கள். வானொலியில் கிடைத்த வரவேற்பினால் 1976இல் எஸ். ராமநாதன் இயக்கத்தில் ‘கோமாளிகள்’ என்ற பெயரில் திரைப்படமாகவும் வந்தது.

இது வானத்திலிருந்து விழுந்த ஒன்றல்ல. அதற்கு முன்னரே சிறுகதை எழுத்தாளர் இலங்கையர்கோன் ‘விதானையார் வீட்டில்’, ‘லண்டன் கந்தையா’ போன்ற தொடர்களை வானொலிக்கு எழுதியிருந்தார். யாழ்ப்பாணத்து வீட்டுப் பேச்சு அப்படியே வானொலிக்குள் வரலாம் என்பதை அவை காட்டின. கோமாளிகள் ஒரு படி மேலே போனார்கள். நாட்டிலுள்ள நான்கு விதமான பேச்சுகளை ஒரே இடத்தில் சந்திக்க வைத்தார்கள். எழுபதுகள் எப்படிப்பட்ட காலம் என்பது வரலாறு படிக்கும் மாணவிகளுக்குத் தெரியும். மொழிச் சட்டம், தரப்படுத்தல், தனிநாட்டுக் கோரிக்கை என்று ஒவ்வொருவரும் விலகிக்கொண்டிருந்த காலம். அந்தக் காலத்தில் உபாலியும் அப்புக்குட்டியும் மரிக்காரும் ஐயரும் ஒருவரையொருவர் விட்டுப் போகாமல் சண்டை பிடித்துக்கொண்டிருந்ததே ஒரு கருத்துத்தான். மேடைப் பேச்சாக அதைச் சொல்லியிருந்தால் பாதிப்பேர் ரேடியோவை மூடியிருப்பார்கள்.

ரீச்சரின் கேள்விக்கான பதில் இங்கேதான் எனக்குக் கிடைத்தது. அந்த வீட்டில் நான்கு பேருமே கோமாளிகள். பெயரே பன்மையில்தான் இருக்கிறது. மரிக்காரைப் பார்த்துச் சிரிப்பவர் அடுத்த நிமிடம் அப்புக்குட்டியையும் பார்த்துச் சிரிக்க வேண்டும். யாருமே மேலே உட்கார்ந்து கீழே பார்க்க முடியாது. என்னுடைய நாடகத்தில் மீன் வாங்க வந்த பெண்கள் எல்லோரும் கெட்டிக்காரிகள். எல்லோரும் எங்களைப் போலவே பேசினார்கள். கடலில் வெயிலும் காற்றும் தின்ற ஒரு மனிதர் மட்டும்தான் முட்டாள். அதற்குப் பெயர் நகைச்சுவையா?

ஆனால் எல்லோரையும் கேலி செய்துவிட்டால் நாடகம் நல்லதாகிவிடும் என்று சொல்வதும் சரியல்ல. சிரிப்பு அவ்வளவு நல்ல பிள்ளை அல்ல.

அமெரிக்காவில் 1971இல் ‘ஓல் இன் த ஃபமிலி’ என்ற தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது. தயாரித்தவர் நோர்மன் லியர். அதன் நாயகன் ஆர்ச்சி பங்கர், நியூயோர்க்கின் குயின்ஸ் பகுதியில் வசிக்கும் ஒரு வெள்ளைத் தொழிலாளி. கறுப்பினத்தவர், யூதர், பெண்கள், குடியேறியவர்கள் என்று யாரைப் பற்றியும் மனதில் பட்டதைக் கொட்டிவிடுவார். அவருடைய துவேஷம் எவ்வளவு மடத்தனமானது என்று மக்கள் சிரித்து உணர வேண்டும் என்பதே தொடரின் நோக்கம். அமெரிக்கத் தொலைக்காட்சி அதுவரை தொடத் தயங்கிய விடயங்களை அது வீட்டு வரவேற்பறைக்குக் கொண்டுவந்தது. ஆனால் 1974இல் நீல் விட்மார், மில்டன் ரோக்கீச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பார்வையாளர்களிடம் விசாரித்தபோது வேறொரு விடயம் தெரியவந்தது. ஏற்கெனவே துவேஷம் கூடியவர்கள் ஆர்ச்சியைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவரோடு சேர்ந்து சிரித்தார்கள். ‘எங்கள் மனதில் உள்ளதை ஒருவன் துணிந்து சொல்கிறான்’ என்பதுபோல அவரை விரும்பினார்கள். ஒரே பகிடி, இரண்டு வீடுகளில் இரண்டு விதமாக விழுந்தது.

இங்கிலாந்தில் 1977இல் ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ வந்தது. எங்கள் ஆங்கில ரியூஷன் வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். வெளிநாடுகளிலிருந்து வந்தவர்கள் மாலை வகுப்பில் ஆங்கிலம் படிக்கிறார்கள். பாகிஸ்தானிய அலி, சீக்கியரான ரஞ்சித் சிங், வகுப்பில் கம்பளி பின்னிக்கொண்டிருக்கும் ஜமீலா என்று பலர். அதைப் பார்த்து நானும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். ஆனால் ரீச்சரின் கேள்வியை வைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். அங்கே ஒழுங்கான, புத்தியுள்ள மனிதர் ஆங்கிலேய ஆசிரியர். பெரும்பாலும் சிரிப்பு விழுவது மாணவர்களின் நாக்கில். ஒவ்வொரு நாட்டுக்காரருக்கும் ஓர் அச்சு. அந்த அச்சை விட்டு அவர் கடைசிவரை வெளியே வருவதில்லை. இனங்களை ஒரே வார்ப்பில் காட்டுகிறது என்ற குற்றச்சாட்டுக்கு நடுவே 1979இல் அந்தத் தொலைக்காட்சி நிறுவனம் அதை நிறுத்திவிட்டது. என் அந்தோனியும் அந்த வகுப்பில் உட்கார வேண்டியவர்தான்.

இதையெல்லாம் நான் படித்து அறிந்ததைவிட என் உம்மாவிடமிருந்து அறிந்ததுதான் அதிகம். 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது உம்மாவுக்குப் பதினொரு வயது. புத்தளத்தில் ஓர் ஓலைக் கொட்டிலில் இருந்துகொண்டு புதிய பாடசாலைக்குப் போனார். அங்கே படித்தவர்களும் முஸ்லிம் பிள்ளைகள்தான். ஆனாலும் உம்மா வாய் திறந்து ‘என்ன செய்யிறது’ என்று வடக்குத் தமிழில் பேசினால் வகுப்பு சிரிக்குமாம். ‘அகதி’ என்று ஒரு பட்டப்பெயரும் வைத்தார்களாம். “ஒரு தவணை முழுக்க நான் வகுப்பில கதைக்கவே இல்ல” என்று உம்மா சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டு வளர்ந்த நான்தான் வங்காலை மனிதரின் பேச்சை மேடையில் இழுத்து இழுத்துப் பேசிக் கைதட்டு வாங்கினேன். எங்களுக்கு நடந்தது எங்களுக்கு நினைவிருக்கிறது. நாங்கள் செய்வது நினைவில் நிற்பதில்லை.

மார்க்க விடயம் ஒன்றையும் இங்கே தொட வேண்டும். நகைச்சுவை நாடகமே வேண்டாம் என்று சொல்பவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். அவர்கள் எடுத்துக்காட்டுவது சூறா ஹுஜுறாத்தின் 11ஆவது வசனத்தை. ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதை அது தடுக்கிறது. பரிகசிக்கப்படுபவர் பரிகசிப்பவரைவிடச் சிறந்தவராக இருக்கக்கூடும் என்று காரணமும் சொல்கிறது. பொதுவாகச் சொன்னதோடு விடாமல், பெண்கள் பெண்களைப் பரிகசிப்பதைத் தனியாகவும் குறிப்பிடுகிறது. பட்டப்பெயர் வைத்து அழைப்பதையும் தடுக்கிறது. எனக்கு விளங்கிய அளவில் அந்த வசனம் சிரிப்பைத் தடுக்கவில்லை. ஒருவரைச் சிறுமைப்படுத்தும் சிரிப்பைத்தான் தடுக்கிறது. அப்படிப் பார்த்தால் அது நாடகம் எழுதுபவளுக்குப் பூட்டு அல்ல, அளவுகோல். என் ‘சந்தையில் ஒரு நாள்’ அந்த அளவுகோலில் தேறாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சரி, அந்தக் கோமாளிகள் என்னத்தைத் தடுத்தார்கள் என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. சேர்ந்து சிரித்த நாட்டில்தான் 1983 நடந்தது. சேர்ந்து சிரித்த கரையிலிருந்துதான் 1990இல் நாங்கள் வெளியேற்றப்பட்டோம். வங்காலையும் தன் பங்குக்குப் பிள்ளைகளைப் புதைத்தது. ஒரு வானொலித் தொடரால் துப்பாக்கியைத் தடுக்க முடியாது. அதை எதிர்பார்ப்பதும் தவறு. ஆனால் யுத்தம் முடிந்து நாங்கள் திரும்பி வந்தபோது, இரண்டு பக்கத்து மூத்தவர்களுக்கும் பேச ஏதோ ஒன்று தேவைப்பட்டது. காணியைப் பற்றிப் பேசினால் கசப்பு. கடற்பாட்டைப் பற்றிப் பேசினால் தகராறு. என் நாடகத்துக்குப் பிறகு உம்மம்மாவும் ரீச்சரும் ஒருநாள் பெற்றோர் கூட்டத்தில் சந்தித்தார்கள். முதலில் இருவருக்கும் பேச ஒன்றுமில்லை. பிறகு ரீச்சர் மரிக்காரைப் பற்றி ஆரம்பித்தார். அரை மணித்தியாலம் இருவரும் எழும்பவில்லை. நல்ல நகைச்சுவை அவ்வளவுதான் செய்யும். அந்த அரை மணித்தியாலத்தை நான் குறைவாக மதிக்கமாட்டேன்.

கோமாளிகளிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. அந்த நான்கு பேரும் ஆண்கள். நான்கு சமூகங்களுக்கும் குரல் கொடுத்த தொடரில் எங்கள் உம்மம்மாமாரின் குரல் எங்கே? அவர்கள் ரேடியோவுக்கு வெளியே இருந்து சிரித்தார்கள். கனடாவில் 2007இல் ஒரு முஸ்லிம் பெண் இந்தக் குறையைத் தீர்த்து வைத்தார். பெயர் ஸர்கா நவாஸ். அவர் உருவாக்கிய ‘லிட்டில் மொஸ்க் ஒன் த பிரேரி’ என்ற தொடர் 2012 வரை ஓடியது. மேர்சி என்ற கற்பனை ஊரில் உள்ள முஸ்லிம்கள் ஒரு தேவாலயத்தின் மண்டபத்தை வாடகைக்கு எடுத்துப் பள்ளிவாசலாக வைத்திருக்கிறார்கள். இமாமும் பாதிரியாரும் ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டே நண்பர்களாக இருக்கிறார்கள். முஸ்லிம்களைக் கண்டால் பயப்படும் ஊர்க்காரர்களும் அதில் கோமாளிகள். எதைக் கேட்டாலும் கூடாது என்று குதிக்கும் முஸ்லிம் பெரியவரும் கோமாளி. பள்ளிவாசலில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே தடுப்பு வைப்பது பற்றிய சண்டையைக்கூட அந்தப் பெண் சிரிப்பாக எழுதிவிட்டார். வெளியாரைச் சிரிப்பதற்கு முன் தன் வீட்டைப் பார்த்துச் சிரித்தார். அதனால்தான் அவருக்கு வெளியாரைப் பற்றிப் பேசும் உரிமை வந்தது.

எங்களுக்கு எழுத விடயம் இல்லையா? கைக்கூலி வாங்கமாட்டோம் என்று மேடையில் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து ‘அவங்களாத் தந்தா என்ன செய்யிறது’ என்று கேட்கும் மாமிமார் எத்தனை பேர்! பொம்பிளைப் பிள்ளைக்கு என்னத்துக்குப் படிப்பு என்று கேட்டுவிட்டு, மருமகள் மட்டும் ரீச்சராக இருக்க வேண்டும் என்று தேடும் குடும்பங்கள் எத்தனை! ஆங்கிலம் பேசினால் கூச்சம், பேசாவிட்டால் வெட்கம் என்று திண்டாடும் நாங்கள் எத்தனை பேர்! பக்கத்து ஊரைக் கடந்து போகும் பஸ்ஸில் மீன்கூடை ஏறியவுடன் மூக்கைப் பொத்திக்கொண்டு, வீட்டுக்குப் போய் அதே மீனை ஆணத்தோடு மூன்று தடவை கேட்டுச் சாப்பிடுகிறோமே, அதைவிட நல்ல காட்சி வேறு வேண்டுமா? சிங்களவர்களுக்கு 1987 முதல் ஐ.ரி.என். தொலைக்காட்சியில் ‘கோப்பி கடே’ இருக்கிறது. ஒரு கிராமத்துக் கோப்பிக் கடையில் கூடும் மனிதர்களை வைத்தே நாட்டு நடப்பைச் சொல்லிவிடுகிறார்கள். எங்கள் வீட்டு ரி.வி.யில் ஓடுவதோ இந்தியத் தொடர்கள். அதில் மாமியாரும் மருமகளும் உண்டு. ஆனால் அவர்கள் பேசும் பேச்சு எங்கள் பேச்சல்ல, அவர்களின் வீடும் எங்கள் வீடல்ல.

இந்தச் சஞ்சிகையின் பழைய இதழ்களைப் புரட்டிப் பார்த்தேன். கண்ணீர்க் கவிதைகள் நிறைய இருக்கின்றன. இடம்பெயர்வு, தாய்மை, பிரிவு, மரணம். அவை தேவை. எங்களுக்கு நடந்ததை நாங்கள் எழுதாமல் வேறு யார் எழுதுவது? ஆனால் சிரிப்பு நாடகம் ஒன்றுகூட அச்சில் இல்லை. விழா மேடையில் சிரித்துவிட்டு, அது இலக்கியம் அல்ல என்று அங்கேயே விட்டுவிடுகிறோம். எழுதித் திருத்தப்படாத பகிடிதான் சுலபமான வழியைத் தேடி அந்தோனியிடம் போய் நிற்கிறது. ஆகவே தமிழ் மன்றத்திடம் நான் கேட்பது இதுதான். அடுத்த வருடத்திலிருந்து நகைச்சுவை நாடகத்தையும் கவிதை, சிறுகதை போல எழுத்துப் போட்டியாக வையுங்கள். சிறந்ததை இங்கே அச்சிடுங்கள். அதைத் தெரிவு செய்யும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எழுதியவளும் அதில் கோமாளியாக இருக்கிறாளா? யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவர் முன்வரிசையில் உட்கார்ந்தால் அவருக்கும் சிரிப்பு வருமா? அவருடைய பேச்சை எழுதியவள் உண்மையாகவே காது கொடுத்துக் கேட்டிருக்கிறாளா?

‘சந்தையில் ஒரு நாள்’ நாடகத்தை நான் மறுபடியும் எழுதியிருக்கிறேன். அந்தோனி இன்னும் இருக்கிறார். இன்னும் மீனோடு வாதாடுகிறார். ஆனால் இப்போது கணக்குத் தெரியாதவள் உயர்தரத்தில் படிக்கும் ஒரு மாணவி. போனில் கணக்குப் பார்க்கப் போய் சார்ஜ் இல்லாமல் விழிக்கிறாள். அந்தோனி விரல் விட்டு எண்ணி மீதியைச் சரியாகக் கொடுக்கிறார். மூக்கைப் பொத்தும் பெண்ணும், கடனுக்குக் கேட்டுவிட்டு மாப்பிள்ளை வீட்டுப் பெருமை பேசும் மாமியும் வருகிறார்கள்.

முதல் பிரதியை ரீச்சரிடம்தான் கொடுத்தேன். சிவப்புப் பேனையை எடுத்து வைத்துக்கொண்டு வாசித்தார். மூன்று இடங்களில் சிரித்தார். ஓரிடத்தில் நிறுத்தி, “வங்காலையில இப்பிடிச் சொல்லமாட்டினம் பிள்ளை” என்று ஒரு சொல்லை வெட்டினார். பிறகு எப்படிச் சொல்வார்கள் என்று எனக்குச் சொல்லித் தந்தார். இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது.